அதிர்வை விழுங்கிய வாஷர்கள்

கேள்வி: அதிவேக இயந்திரங்களில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் சற்றே அசையவிட்டுப் பொருத்துகிறார்களாமே, அதனால் அதிர்வு அதிகமாகிவிடாதா? இந்த யோசனை யாருடையது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சரியாகச் செய்தால் அதிர்வு குறையத்தான் செய்யும். யோசனை இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸிடம் போய் நிற்கிறது. 1884-இல் அவர் செய்த முதல் நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றியது. என்னதான் துல்லியமாகக் கடைந்தாலும், சுழலும் பாகத்தின் எடை மையம் தண்டின் நடுக்கோட்டிலிருந்து மயிரிழையாவது விலகியே இருக்கும். வேகம் இரு மடங்கானால் அந்த விலகல் தரும் விசை நான்கு மடங்காகும். பேரிங் அசையாமல் நின்றால் அத்தனையும் அதன் தலையில்தான் விழும்.

பார்சன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தண்டைத் தாங்கும் குழலின் மேல் இரண்டு அளவு வாஷர்களை மாற்றி மாற்றிக் கோத்தார். ஒன்று குழலை ஒட்டியிருக்கும், வெளிக்கூட்டைத் தொடாது. அடுத்தது கூட்டை ஒட்டியிருக்கும், குழலைத் தொடாது. ஒரு ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும். தண்டு பக்கவாட்டில் துள்ளினால் வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்கும். துள்ளல் உராய்விலேயே தீர்ந்துபோகும். தண்டும் தன் எடை மையத்தைச் சுற்றி ஓடிக்கொள்ளும். இத்தனை எளிய பொருளை வைத்து இத்தனை பெரிய சிக்கலை அவிழ்த்தவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பின்னாளில் வாஷர்களுக்குப் பதில், ஒன்றுக்குள் ஒன்றாகத் தளர்வாகச் செருகிய குழல்களும் நடுவே எண்ணெயும் வந்தன. ஸ்வீடனின் டி லாவல் வேறு வழியில் போனார்: தண்டையே மெல்லியதாக்கி வளையவிட்டார்.

இன்றைய ஜெட் எஞ்சினிலும் பேரிங்கின் வெளி வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் சிறு பங்கே கனமுள்ள எண்ணெய்ப் படலம் இருக்கிறது. வளையம் சுழலாது, அசைய மட்டும் செய்யும். அசையும்போது நசுங்கும் எண்ணெய் அதிர்வை வாங்கிக்கொள்ளும். இடைவெளி கூடிப்போனால் எண்ணெய்க்குப் பிடிப்பில்லை, குறைந்துபோனால் பேரிங் பழையபடி இறுகிவிடும். பொறியாளர்கள் மெனக்கெடுவது இந்த அளவுக்காகத்தான்.

ஆனால் எண்ணெய் எப்போதும் நண்பனல்ல. தண்டு நேரே எண்ணெயில் மிதக்கும் பேரிங்குகளில், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எண்ணெயே தண்டைச் சுழற்றியடிக்கும். 1920-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நியூகிர்க்கும் டெய்லரும் இதைக் கண்டறிந்தார்கள். அதனால்தான் பெரிய கம்பிரஸர்களில் பேரிங்கின் உட்புறம் முழு வளையமாக இல்லாமல், தனித்தனியே சாய்ந்துகொடுக்கும் பட்டைகளாக இருக்கிறது.