கண்மாய் ஓரத்தில் தோண்டிய பள்ளத்துக்குப் பணம் கிடைக்குமா?

கேள்வி: நான் நெடுஞ்சாலைத் துறையில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர். மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணியைக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்து எடுத்தேன். கண்மாயை ஒட்டி 300 மீட்டருக்கு மண் சேறாக இருந்தது. உதவிப் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னதால் கூடுதலாக ஒன்றரை மீட்டர் தோண்டி, கிராவல் நிரப்பினேன். 32 லட்சம் கூடுதல் செலவு. டெண்டரில் அந்த இடத்துக்கு மண் பரிசோதனை அறிக்கை இல்லை. இறுதி பில்லில் இந்தத் தொகை சேர்க்கப்படவில்லை. வேலை முடிந்து இரண்டே முக்கால் ஆண்டுகள் ஆகின்றன. மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லை. வழி உண்டா?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் வழக்கு மண்ணைப் பொறுத்து நிற்கவில்லை. ‘கூடுதலாகத் தோண்டு’ என்று துறை சொன்னதற்கும், தோண்டியதை அளந்ததற்கும் அன்றைய தேதியிட்ட காகிதம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே நிற்கிறது. எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) அளவு ஏறியிருந்தால், ஐட்டம் வாரியாக விலை பேசிய ஒப்பந்தத்தில் உங்களுக்கு வலுவான பிடி உண்டு. மொத்தத் தொகைக்கு எடுத்த பணி என்றால் நிலைமை கடினம்.

‘இடத்தை நேரில் பார்த்தேன், நிலத்தின் தன்மையை அறிந்தேன்’ என்ற உறுதிமொழியில் டெண்டரின்போதே கையெழுத்திட்டிருப்பீர்கள். துறை முதலில் நீட்டப்போவது அதைத்தான். கண்மாய் ஓரம் சேறாக இருக்கும் என்று அனுபவமுள்ள ஒப்பந்ததாரருக்குத் தெரியாதா என்றும் கேட்பார்கள். எதிர்பாராத நிலத்தடி நிலைமைக்கு இழப்பீடு தரும் பிரிவு, வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் பணிகளின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், குறித்த நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். செலவு கூடிவிட்டது என்பது மட்டும் போதாது. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்த முகவர் வழக்கில் (அலோபி பர்ஷாத், 1960) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இத்தனை காலம் ஏன் காத்திருந்தீர்கள்? பள்ளம் திறந்து கிடந்த அன்றே கோட்டப் பொறியாளருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்க வேண்டும். படம் எடுத்து, அளவெடுத்து, ஒப்பம் வாங்கியிருக்க வேண்டும். கிராவல் கொட்டி மூடியபின் அடியில் இருந்தது சேறா, பாறையா என்று எந்த நீதிபதியாலும் பார்க்க முடியாது. மனுக்களும் உங்களைக் காப்பாற்றாது. செய்த வேலைக்கான தொகையைக் கேட்கச் சட்டம் தருவது மூன்று ஆண்டுகள். கடிதப் போக்குவரத்தால் அது நீளாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில், கடனை ஒப்புக்கொண்டதாகாது என்றே வாதிடுவார்கள். இறுதி பில்லில் ஆட்சேபம் எழுதாமல் கையெழுத்திட்டிருந்தால் அதையும் விளக்க வேண்டியிருக்கும்.

எஞ்சியிருப்பது ஏறக்குறைய மூன்று மாதங்கள்தான். அக்ரிமென்டில் நடுவர் பிரிவு இருந்தால், 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அனுப்பும் நோட்டீஸ் காலக்கெடுவுக்குள் துறையின் கையில் சேர வேண்டும். நடுவர் பிரிவு இல்லையென்றால் உரிமையியல் வழக்கு; அரசுக்கு முன்கூட்டியே இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் கணக்கில் கழிக்கப்படும் என்றாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். எம்-புக் நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். லாரி ட்ரிப் சீட்டு, கிராவல் நடைச்சீட்டு, இயந்திர வாடகை ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள்.

துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. துளைச் சோதனை அறிக்கை தராமல் குறைந்த விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், சேற்றுக்கும் சேர்த்து விலை போட்டவர் தோற்பார். மண்ணைப் பார்க்காதவருக்கு வேலை கிடைக்கும். அடுத்த டெண்டரில், விலைப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்திலேயே மண் அறிக்கையைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் மண்ணைச் சோதித்த பிறகு விலை போடுங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது. ஆவணங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஒப்பந்த வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் சந்தியுங்கள். தகவல் உரிமை பதில் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.