முதற்பாடலும் வழிப்பாடலும்: மூலத்தை விஞ்சும் மறுபாடல்களை அளக்கும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் பாடிப் பதிவான பாடலை வேறொருவர் மீண்டும் பாடும்போது, பின்னையது முன்னையதை விஞ்சிவிடுவதுண்டு. அவ்வாறு விஞ்சுதலைத் தனியொருவர் சுவை கொண்டு அளவிடாமல், அடுத்துப் பாடுவோர் எவ்வடிவத்தை மூலமாகக் கொள்கின்றனர் என்பதைக் கொண்டு அளவிடலாம் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. அவ்வளவுகோலை வடசென்னைக் கானாப் பாடல்களுக்கும் பொருத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: முதனூல், வழிநூல், மறுபாடல், வர்ணமெட்டு, கானா, கொடுங்கையூர்

முன்னுரை

‘கவர்’ என இன்று வழங்கும் மறுபாடலைக் குறித்த பேச்சுகள் பெரும்பாலும் ‘எது இனிது’ என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. இனிமை கேட்போர்தோறும் வேறுபடும்; ஆதலின் அது ஆய்வுக்கு அளவையாகாது. விற்பனையும் பார்வை எண்ணிக்கையும் ஒரு காலத்துப் பரவலைக் காட்டுமேயன்றி நிலைபேற்றைக் காட்டா. மற்றொருபுறம், முந்தியது என்பதனாலேயே மூலத்தை உயர்த்தியும், பிந்தியது என்பதனாலேயே மறுபாடலை நகலெனத் தாழ்த்தியும் பேசும் போக்கு உள்ளது. இப்போக்கினால் இழப்புற்ற வகைகளுள் ஒன்று கானா. திரைப்பட மெட்டில் பாடப்படுவது என்பதைக் காட்டி அதனை இலக்கிய ஆய்வின் விளிம்பில் நிறுத்துவோர் உளர். ஆகவே, விஞ்சுதலுக்குரிய அளவுகோலைத் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

வழிநூற் கோட்பாடு

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றென்கிறது. முன்னோர் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவதே வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. ஒப்புமை, வேறுபாடு ஆகிய இரண்டும் வழிநூலுக்கு இன்றியமையாதவை என்பது இதனால் பெறப்படும்.

தொல்காப்பியத்தின் வழியில் எழுந்த நன்னூலே இதற்குச் சான்றாகும். பல தலைமுறைகளாக இலக்கணம் பயில்வோர் நன்னூலிலிருந்தே தொடங்கினர். தொல்காப்பியத்தின் மதிப்பு அதனால் குறையவில்லை. எனினும் கற்றலின் தொடக்கப்புள்ளி இடம்பெயர்ந்தது. ‘அடுத்தவர் எங்கிருந்து தொடங்குகிறார்’ என்னும் இவ்வினாவே இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல்.

மூவகை மறுபாடல்

மறுபாடல்களை மூவகைப்படுத்தலாம்.

முதல்வகையில் சொல்லும் மெட்டும் நிற்க, பாடும் முறையும் இசையமைப்பும் மாறும். பாப் டிலன் 1967இல் பதிவுசெய்த ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாடலை ஜிமி ஹென்றிக்ஸ் 1968இல் மின்கிதார் இசையோடு வெளியிட்டார். பின்னாளில் டிலனே தம் மேடைகளில் ஹென்றிக்ஸின் வடிவத்தை ஒட்டிப் பாடினார். அதனை ஒப்புக்கொள்ளவும் செய்தார். இயற்றியவரே வழிப்பாடலிலிருந்து தொடங்கியது விஞ்சுதலுக்குத் தெளிவான சான்று. இலங்கையில் சதீஷன் ரத்நாயக்க 2020இல் வெளியிட்ட ‘மெனிகே மகே ஹிதே’ என்னும் சிங்களப் பாடலை, யொஹானி 2021இல் சதீஷனோடு இணைந்து மீண்டும் பாடினார். பின்னர்ப் பிற மொழிகளில் எழுந்த வடிவங்கள் பெரிதும் யொஹானியின் பதிவையே பின்பற்றின.

இதற்கு மறுதலையும் உண்டு. படகோட்டி (1964) திரைப்படத்தின் ‘தொட்டால் பூ மலரும்’ பாடல், நியூ (2004) திரைப்படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் புதுவடிவம் பெற்றது. அது பலராலும் விரும்பிக் கேட்கப்பட்டது. ஆயினும் மெல்லிசை மேடைகளில் இன்றும் பெரிதும் பாடப்படுவது 1964இன் நடையே. எனவே பரவல் வேறு, விஞ்சுதல் வேறு.

இரண்டாம் வகையில் சொல் நிற்க, மெட்டு மாறும். பாரதி கண்ணன் பாட்டில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடலுக்குப் பைரவி ராகத்தைக் குறித்துள்ளார். மணமகள் (1951) திரைப்படத்துக்காகச் சி. ஆர். சுப்பராமன் அதனை ராகமாலிகையாக அமைக்க, எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். இன்று கச்சேரி மேடைகளில் பாடகர்கள் மேற்கொள்வது பெரும்பாலும் இந்த ராகமாலிகையையே. கவிஞரே குறித்த ராகம் ஏட்டில் நிற்க, வழிவந்த மெட்டு வழக்கில் முதலாயிற்று.

மூன்றாம் வகையில் மெட்டு நிற்க, சொல் மாறும். குஜிலி நூல்களில் பாடலின் தலைப்பில் ‘இன்ன பாடலின் வர்ணமெட்டு’ எனக் குறிக்கும் வழக்கம் இருந்தது. கானா இம்மரபோடு ஒப்புநோக்கத்தக்கது.

கொடுங்கையூரும் கானாவும்

இக்கட்டுரையாளர் வாழும் கொடுங்கையூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இறப்பு வீடுகளில் இரவு முழுதும் கானா பாடும் வழக்கம் உண்டு. அறிந்த திரைப்பட மெட்டில் மறைந்தவரின் பெயர், தொழில், உறவு ஆகியன சொல்லாக அமையும். மெட்டு ஒத்து நிற்கிறது. பாடுபவர் வேண்டும் வேறுபாடு சொல்லில் நிகழ்கிறது. வழிநூலின் இரு கூறுகளும் இங்குப் பொருந்துகின்றன.

ஓர் இறப்பு வீட்டில் இளம் பாடகர் ஒருவர் தாளம் வாசிப்பவருக்கு மெட்டைச் சுட்டியபோது திரைப்படத்தின் பெயரைச் சொல்லவில்லை. அப்பகுதியில் பாடி மறைந்த மூத்த பாடகர் ஒருவரைக் கருதி, “அண்ணன் பாடுன மெட்டு” என்றார். தாளம் உடனே தொடங்கியது. திரைப்பட இசையமைப்பாளருக்கு உரிய மெட்டு, அவ்வவையில் அப்பாடகருக்கு உரியதாகிவிட்டது. ஒரு நிகழ்வு மட்டும் பொதுமுடிபுக்குப் போதாது எனினும், அளவுகோல் தொழிற்படும் முறையை இது காட்டுகிறது.

சிக்கல் யாதெனில், அம்மூத்த பாடகரின் குரல் எங்கும் பதிவாகவில்லை. கானா உலகநாதன் சித்திரம் பேசுதடி (2006) திரைப்படத்தில் பாடிய ‘வாள மீனுக்கும்’ போன்று திரைக்கு வந்தவை ஆவணமாக நிற்கின்றன. பதிவானதையே மூலமெனக் கொள்ளும் ஆய்வு, பதிவாகாத வழிப்பாடலை நகலெனவும் அறியாது, இல்லாததாகவே கொள்ளும்.

முடிவுரை

மறுபாடல் மூலத்தை விஞ்சுவது, மூலத்தை அழிப்பதனால் அன்று. அடுத்த பாடகருக்குத் தானே மூலமாவதனால் ஆகும். இம்முடிபுக்குக் காலம் கடக்க வேண்டுமாதலால், புதிதாக வெளிவந்த மறுபாடலை உடனே மதிப்பிட இவ்வளவுகோல் உதவாது. எனினும் இது களஆய்வுக்கு ஒரு பணியை வகுத்துத் தருகிறது. கானாவைத் தொகுப்போர் சொற்களோடும் திரைமெட்டின் பெயரோடும் நின்றுவிடாமல், ‘இதனை யாரிடம் கேட்டுப் பாடுகிறீர்’ என்னும் வினாவையும் கேட்டுப் பதிதல் வேண்டும். அவ்விடையில் வரும் பெயர்களே வடசென்னைப் பாட்டு மரபின் வரலாறு. அவற்றை அறிந்தவர்கள் பாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அவ்வினா கேட்கப்பட வேண்டும்.