சங்கமும் சட்டமும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே அமைந்துள்ள அணைக்கட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். அது ஆற்றைச் சிறைப்படுத்துவதில்லை. நீர்மட்டத்தை உயர்த்தி, வாய்க்கால் வழியே வயல்களுக்குத் திருப்பிவிடுகிறது. மக்கள் கூடி நடத்தும் சங்கங்களுக்குச் சட்டமும் அவ்வாறே துணைநிற்றல் வேண்டும். முனிவர், ஆரியாங்கனை, சிராவகர், சிராவகி என்னும் நால்வகைச் சங்கத்தை அறிந்த நாம் இதனை ஆராய்தல் தகும்.

முதலாவது, கூடும் உரிமை. சங்கம் அமைக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு வழங்குகிறது. தகுந்த காரணத்தோடு நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடமளிக்கிறது. எது நியாயம் என்பதற்குச் சென்னையில் எழுந்த வழக்கொன்றே விளக்கமாயிற்று. 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த மக்கள் கல்விச் சங்கத்தை 1950 மார்ச்சில் சென்னை அரசு சட்டவிரோதமானதென அறிவித்தது. அதன் பொதுச் செயலாளரான வழக்கறிஞர் வி. ஜி. ராவ் நீதிமன்றத்தை நாடினார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 31-3-1952 அன்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அரசின் மனநிறைவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு, காரணங்களை நீதிமன்றம் ஆராய வழியின்றி ஒரு சங்கத்தைத் தடைசெய்வது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பதே அதன் சாரம்.

இரண்டாவது, கணக்குக் காட்டும் கடமை. அரசின் கை நீளாமல் காத்தால் மட்டும் போதாது. சங்கத்தை அதன் நிர்வாகிகளிடமிருந்தும் காக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. எழுவர் கூடினால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் வேண்டினால் பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

"நமக்குள் எதற்குச் சட்டம்? எல்லோரும் உறவினர்தாமே" என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. சங்கப் பணத்தில் வாங்கிய மனையை நம்பிக்கையானவர் ஒருவர் பெயரில் எழுதிவைத்தால், அவர் காலத்திற்குப்பின் அது வாரிசுகளின் வழக்காகும். சங்கமும் உடையும், உறவும் உடையும். சங்கத்தின் பெயரிலேயே பத்திரம் எழுதியிருந்தால் அவ்வழக்குக்கே இடமில்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை:

1. சொத்தும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருத்தல்.
2. தேர்தல் முடிந்ததும் நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவித்தல்.
3. வரவு செலவைப் பொதுக்குழுவில் வாசித்து, வினவுவோர்க்கு முகங்கோணாது விடை கூறல்.

கணக்குக் கேட்பது ஐயம் அன்று, அக்கறையே. கள்ளாமையை அணுவிரதமாகக் கொண்ட நாம், பொதுப்பணத்தில் ஒரு காசுக்கும் கணக்குச் சொல்லத் தயங்கலாகாது. கூடும் உரிமையை நீதிமன்றம் காத்துத் தந்தது. கூடியபின் நேர்மையாக நடப்பது நம் பொறுப்பே.