புள்ளும் பொறியும்

நுழையும்முன்

கருவி ஒன்றைப் புதிதாகக் கண்டவருக்கு அதன்மீது எத்தகைய உரிமை உண்டு? அவ்வுரிமையைப் பெற அவர் எதனைக் கொடுக்க வேண்டும்? வானூர்தி, தறி, ஏவூர்தி ஆகிய பொறிகளின் வரலாற்றின்வழி இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் விசயராகவப் பெருமாள் கோவில் இங்கு உள்ளது. இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் இதனைச் சொல்வர். புள் என்பது பறவை. புள்ளின் குழி எனப் பொருள்படும் வேற்றுமைப் புணர்ச்சியில், வருமொழி முதலில் வல்லினம் வந்ததால் நிலைமொழி ஈற்று ளகரம் டகரமாகத் திரிந்து 'புட்குழி' ஆயிற்று. சிறகு வெட்டுண்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்னும் நம்பிக்கையே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. கோவிலின் முன்னுள்ள குளமும் சடாயு தீர்த்தம் என்றே வழங்குகிறது.

சிறகிழந்த புள் பறக்க இயலாது என்பதைக் கதை சொல்கிறது. சிறகுள்ள புள் எவ்வாறு விழாமல் பறக்கிறது என்னும் கேள்வியே உலகின் புகழ்மிக்க காப்புரிமைகளுள் ஒன்றிற்கு வித்திட்டது.

சிறகின் முறுக்கு

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த உடன்பிறப்புகள் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும். அவர்கள் காலத்தில் வானூர்தி செய்ய முயன்றோர் பலர் ஆற்றல் மிக்க எந்திரத்தைத் தேடினர். ரைட் உடன்பிறப்புகள் தேடியது வேறு. காற்று ஒருபுறம் சாய்க்கும்போது பருந்தினம் தன் சிறகின் நுனிகளை எதிரெதிராக முறுக்கிச் சமநிலையை மீட்பதை வில்பர் கண்டார். 1899 ஆம் ஆண்டில் ஒருநாள், கடையில் இருந்த நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்து முறுக்கிப் பார்த்தபோது, வானூர்தியின் இறக்கைகளையும் இவ்வாறே முறுக்கலாம் என்பது அவருக்குப் புலனாயிற்று. அவ்வாண்டே ஐந்தடி அகலப் பட்டம் ஒன்றைச் செய்து அக்கருத்தைச் சோதித்தனர்.

அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாள் 1903 மார்ச் 23. எந்திரம் பூட்டிய ஊர்தி கிட்டி ஹாக் மணல்வெளியில் 12 நொடி பறந்ததோ அவ்வாண்டு திசம்பர் 17 இல்தான். பறப்பதற்கு ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு முன்பே அவர்கள் உரிமை கேட்டுவிட்டனர்! அதற்குக் காரணம், அவர்கள் உரிமை கேட்டது எந்திரத்திற்கு அன்று. ஊர்தியைக் கட்டுப்படுத்தும் முறைக்கு. அம்முறை எந்திரமில்லாச் சறுக்கூர்தியிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது.

தாமே எழுதி அனுப்பிய அவ்விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. பொறி நன்றாக இருந்தது, எழுத்துத்தான் போதவில்லை. பின்னர் ஹாரி டூல்மின் என்னும் வழக்குரைஞரின் துணையுடன் விண்ணப்பம் திருத்தி எழுதப்பட்டது. இறக்கையை முறுக்குவது என்னும் ஒரு வழியை மட்டும் கூறாமல், இருபுற இறக்கைகளின் ஓரப் பகுதிகளை வெவ்வேறு கோணங்களில் அமைத்துச் சமநிலை காக்கும் முறை எனப் பொருள்விரியுமாறு சொற்கள் அமைக்கப்பட்டன. 1906 மே 22 அன்று 8,21,393 என்னும் எண்ணுடன் உரிமை கிடைத்தது.

அச்சொற்களின் வன்மை பின்னரே தெரிந்தது. கிளென் கர்டிஸ் என்பார் இறக்கையை முறுக்காமல், தனியாக அசையும் சிறு தகடுகளைப் பொருத்திய ஊர்திகளைச் செய்தார். வழக்குத் தொடுக்கப்பட்டது. தகடும் ரைட் உடன்பிறப்புகளின் உரிமைக்கு உட்பட்டதே என 1914 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்த சொற்களில் நிறைந்த பொருளைப் பொதிந்து வைக்கும் நூற்பாவைத் தமிழ் மாணவர் அறிவர். காப்புரிமை விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதியான உரிமைக்கோரலும் அத்தகையதே. ஒரு சொல் குறைந்தால் பிறர் புகுந்துவிடுவர். ஒரு சொல் மிகுந்தால் முன்பே உள்ளதையும் கேட்கிறார் என மறுக்கப்படும். பொறியியல் படிப்போருக்கு மொழிப்பாடம் எதற்கு என்று வினவுவோர் இவ்வழக்கைப் படிப்பது நன்று.

வெற்றி முழுமையானதும் அன்று. வழக்குகளில் உழன்றுகொண்டிருந்த வில்பர் 1912 இல் குடற்காய்ச்சலால் இறந்தார். 1917 இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, வானூர்தி செய்யும் நிறுவனங்கள் தம் காப்புரிமைகளை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து, குறைந்த கட்டணத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அரசின் முயற்சியால் உருவாயிற்று. அதன் பின்னரே பூசல் ஓய்ந்தது. வழக்குகள் அந்நாட்டின் வானூர்தி வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்தன என்போரும் உளர். அதனை மறுப்போரும் உளர்.

கொடுத்துப் பெறுவது

காப்புரிமை என்பது கண்டறிந்ததை மறைத்து வைக்கும் பூட்டு எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. கண்டறிந்தவர் தம் பொறியை, அத்துறை அறிந்த ஒருவர் படித்துத் தாமே செய்துகொள்ளும் அளவுக்கு விளக்கி எழுதி அரசிடம் அளிக்க வேண்டும், அது வெளியிடப்படும். அதற்கு ஈடாக, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது எனக் குறிப்பிட்ட காலத்திற்கு அரசு தடுக்கிறது. காலம் முடிந்தபின் அது யாவர்க்கும் பொது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு தவறுதல் என்ன செய்யும் என்பதற்கு ஃபிராங்க் விட்டில் சான்று. இங்கிலாந்து வான்படையின் இளம் அலுவலரான அவர், வளிமச்சுழலியைக் கொண்டு இயங்கும் தாரை எந்திரத்திற்கு 1930 சனவரியில் விண்ணப்பித்து உரிமை பெற்றார். காற்றை உள்ளிழுத்து அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, சூடான வளியைப் பின்னோக்கி வீசுவதால் ஊர்தி முன்னோக்கி உந்தப்படும் என்பது அதன் அடிப்படை. அரசின் வான்துறை அதில் அக்கறை காட்டவில்லை. 1935 இல் உரிமையைப் புதுப்பிக்க வேண்டிய கட்டணம் ஐந்து பவுண்டு. குடும்பச் சுமையிலிருந்த விட்டிலிடம் அத்தொகை இல்லை. அரசும் கட்ட மறுத்தது. உரிமை காலாவதியாயிற்று. மேம்பாடுகளுக்குப் புதிய உரிமைகள் பெற்று 1937 ஏப்பிரலில் அவர் தம் எந்திரத்தை இயக்கிக் காட்டினார். ஆயினும், 1939 ஆகத்து 27 அன்று உலகின் முதல் தாரை வானூர்தி பறந்தது செருமனியில்; ஹான்ஸ் வான் ஒகைன் வடிவமைத்த எந்திரத்துடன். விட்டிலின் எந்திரம் பூட்டிய ஊர்தி விண்ணேறியது 1941 மே 15 இல். இன்று மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் வானூர்திகளின் எந்திரங்கள் இவ்விருவர் வழிவந்தவையே.

தறியின் கதை

வானைவிட்டுக் காஞ்சியின் குழித்தறிக்கு வருவோம். நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைச் சுமந்து செல்வது நாடா. நாடாவைக் கையால் வீசாமல், கயிற்றை இழுத்து விசையால் செலுத்தும் அமைப்புக்கு 1733 இல் இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை பெற்றார். நெசவின் விரைவு பெருகியது. ஆலை உரிமையாளரோ கருவியை எடுத்துக்கொண்டு கட்டணத்தை மறுத்தனர். வழக்குச் செலவைப் பகிர்ந்துகொள்ளத் தமக்குள் சங்கம் வைத்துக்கொண்டனர் என்றால் பாருங்கள்! கே பொருளிழந்து பிரான்சுக்குச் சென்று, அங்கேயே மறைந்தார். உரிமை ஏட்டில் இருப்பது ஒன்று. அதனைக் காக்கும் வலிமை கையில் இருப்பது மற்றொன்று.

பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் ஜக்கார்டுக்கு வாய்த்தது வேறுவகை. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவிழைகளைத் தேர்ந்து தூக்கும் அமைப்பை அவர் 1804 இல் உருவாக்கினார். மறு ஆண்டே அரசு அதனைப் பொதுவுடைமையாக்கி, அவருக்கு ஓய்வூதியமும் விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தொகையும் வழங்கியது. காஞ்சித் தறிகளின் மேல் இன்று காணப்படும் 'ஜக்கார்டு பெட்டி' அவர் பெயரையே தாங்கியுள்ளது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. இவ்விருநிலை முறையைச் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். பட்டுத்தறியும் கணினியும் உறவினர் என்பது வெறும் அணி அன்று.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பான கோர்வை முறையில் மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. உடலுக்கு ஒன்று; இருபுறக் கரைகளுக்கு இரண்டு. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால், சேலை நைந்தாலும் கரை பிரியாது. நெசவாளர் ஒருபுறம் அமர, மறுபுறக் கரையின் நாடாவை ஓட்ட இன்னொருவர் வேண்டும். இம்முறைக்கு எவர் காப்புரிமை பெற்றார்? ஒருவரும் இலர். பெறவும் இயலாது. தலைமுறைகளாக வழங்கிவரும் மரபறிவு புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என இந்தியச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. அதனால் வெளியார் எவரும் கோர்வையைத் தமதென்று பதிவுசெய்ய முடியாது. நெசவாளருக்கும் அதனால் தனி வருவாய் இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்திருக்கும் புவிசார் குறியீடு வேறு வகையானது. அது ஊரின் பெயரைக் காக்கிறது, முறையைக் காப்பதில்லை.

ஆனால், துணையாள் செய்யும் வேலையைச் செய்யும் புதிய பொறி ஒன்றை எவரேனும் அமைத்தால் அதற்கு உரிமை பெறலாம். துணைக்கு அமர ஆள் கிடைப்பது அரிதாகிவரும் காலத்தில் இது ஏட்டுச் செய்தி அன்று, வயிற்றுப்பாட்டுச் செய்தி.

இத்தகைய ஒன்றைச் செய்து காட்டியவர் தெலங்கானா மாநிலம் ஆலேர் பகுதியைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலைச் சாயமிடுமுன், அரைவட்டமாக நிறுத்திய முளைகளில் அதனை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அவர் தாயார் லட்சுமி நாளொன்றுக்கு இரண்டு சேலைக்கான நூலைச் சுற்றக் கையை ஏறத்தாழ 18,000 முறை அசைத்தார். தோள்வலி தாளாமல் வருந்தினார். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட மகன் பல்லாண்டு முயன்று 1999 இல் அவ்வேலையைச் செய்யும் பொறியை முடித்தார். தாயின் பெயரால் 'லட்சுமி ஆசு பொறி' என அழைக்கப்படும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2017 இல் பத்மசிறீ விருதும் வந்தது.

கிண்டியிலிருந்து விண்ணுக்கு

இந்தியாவில் முதல் உரிமை, கொல்கத்தாவைச் சேர்ந்த டிபென்னிங் என்பவர் 1856 மார்ச் 3 அன்று அளித்த விண்ணப்பத்திற்கு வழங்கப்பட்டது. அவர் கண்ட பொறி, கூரையில் தொங்கும் பங்காவை இழுப்பது! விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1970 ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்பிரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று உரிமைக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களுள் ஒன்று சென்னைக் கிண்டியில் உள்ளது.

அவ்விடத்திற்கு அண்மையில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் 2017 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அக்னிகுல் காசுமோசு. ஏவூர்தி எந்திரத்தின் உட்பகுதி உலோகத்தையே உருக்கும் வெம்மை கொள்வது. எரிபொருளை எரிக்குமுன் எந்திரச் சுவரினுள் நுண்ணிய கால்வாய்களில் ஓடவிட்டு அச்சுவரைக் குளிர்விப்பது வழக்கம். வழக்கமாக இத்தகைய எந்திரத்தைப் பல உறுப்புகளாகச் செய்து பற்றவைப்பர். ஒவ்வொரு பற்றும் கசியக்கூடிய இடம். அக்னிகுல் இவற்றையெல்லாம் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக, கால்வாய்களும் உள்ளேயே அமைய, அச்சிட்டு எடுத்தது. ஒற்றைத் துண்டு எந்திரத்தின் வடிவமைப்புக்கும் செய்முறைக்கும் 2022 இல் அந்நிறுவனம் காப்புரிமை பெற்றது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட பின், 2024 மே 30 காலையில், அவ்வெந்திரம் பூட்டிய சோதனை ஏவூர்தி சிறீஅரிகோட்டாவில் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து எழுந்தது.

மாணவர் ஒருவர் பொறி ஒன்றைக் கண்டறிந்தால் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது, விண்ணப்பிக்குமுன் அதனை வெளியிடலாகாது என்பது. அறிவியல் கண்காட்சியில் வைத்தாலும் காணொலியாகப் பகிர்ந்தாலும் 'புதுமை' போய்விடக்கூடும். முழுவிளக்கம் எழுத நேரமில்லையெனில் தற்காலிக விளக்கத்தை அளித்து நாளைப் பதிவுசெய்துகொள்ளலாம். முழுமையானதைப் பன்னிரண்டு திங்களுக்குள் அளித்தாக வேண்டும். தனியொருவர் இணையவழி விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக் கட்டணம் தனி. உரிமை பெற்றபின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விட்டிலின் ஐந்து பவுண்டு இங்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் உள்ள தறி, செக்கு, நீரிறைக்கும் பொறி ஆகியவற்றுள் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அதில் மரபறிவு எது, புதிதாகச் சேர்க்கத்தக்கது எது எனப் பிரித்து எழுதுக.

2. மிதிவண்டி மணியை முன்பின் கண்டிராத ஒருவர் படித்தே செய்துகொள்ளுமாறு, படம் வரையாமல், இருபது வரிகளில் விளக்குக. வகுப்பில் வேறொருவரிடம் அதனைக் கொடுத்து, அவருக்கு விளங்காத சொற்களைக் கேட்டறிந்து திருத்துக.