கணிப்பொறியைக் காத்தலும் கள்வரை அறிதலும்

நம் மன்றத்து அன்பர் ஒவ்வொருவரிடத்தும் இன்று ஒரு லேப்டாப் உண்டு. சிலருக்குத் தந்தையார் கடன்பட்டு வாங்கித் தந்தது அது. சிலர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கினர். ஆராய்ச்சி மாணவர் ஓரிருவர், மேனிலைப் பள்ளியில் தமிழ்நாட்டு அரசு வழங்கிய பொறியையே இன்னும் விடாது வைத்திருக்கின்றனர். எவ்வழி வந்தாலும் அதனுள் இருப்பவை ஒன்றே: ஈராண்டு உழைத்த ஆய்வுக் குறிப்புகள், சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு. பொறி போனால் பணம் போகும். உள்ளே இருப்பவை போனால் ஓராண்டே போகும். ஆதலின் அதனைக் காப்பது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதற்பகை வெப்பம். தில்லியின் வைகாசி வெயிலில் விடுதி அறையே 40 பாகைக்கு மேல் கொதிக்கிறது. அதில் நம்மவர் செய்வது என்ன? மெத்தைமேல் பொறியை வைத்து, தலையணையில் சாய்ந்து, நள்ளிரவு வரை படம் பார்க்கின்றனர். பெரும்பாலான லேப்டாப்புகள் காற்றை உள்ளிழுக்கும் துளைகள் அடிப்புறத்திலேயே உள்ளன. மெத்தை அத்துளைகளை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் விசிறி சுழன்று பயன் இல்லை. செயலியின் வெப்பம் 95, 100 பாகையை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "பொறி மந்தமாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது" என்று நண்பர் பலர் அஞ்சுவதன் உண்மைக் காரணம் பல வேளைகளில் இதுதான். மேசையில் வையுங்கள், மேசை இல்லையேல் ஒரு பலகையோ, கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகமோ போதும். இவ்வூர்ப் புழுதிக்காற்று ஓய்ந்தபின் ஆண்டுக்கொரு முறை விசிறியைத் துப்புரவு செய்விப்பது நலம். நீங்களே காற்றடித்துத் துடைப்பதாயின், பொறியை நிறுத்திவிட்டு, விசிறியின் இறகைக் குச்சியால் அசையாது பிடித்துக்கொண்டு அடியுங்கள். கட்டற்றுச் சுழன்றால் அதன் அச்சுத் தேயும்.

வெப்பம் பேட்டரிக்கும் பகை. லித்தியம் அயனி பேட்டரியை ஆக்கிய விட்டிங்காம், குட்எனஃப், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்ததை அறிவீர்கள். அதன் ஒரு கலம் முழுதும் நிரம்பியபோது ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்டும். அந்த உயர் அழுத்தத்தில், அதுவும் வெப்பத்தில், உள்ளிருக்கும் கரைசல் மெல்ல மெல்லச் சிதைகிறது, மின்வாயின் மேற்படலம் தடிக்கிறது, கொள்ளளவு குறைகிறது. "இரவெல்லாம் சார்ஜரில் விட்டால் வெடிக்குமா?" என்று கேட்போர் உளர். வெடிக்காது, நிரம்பியதும் மின்னேற்றத்தை நிறுத்தும் சுற்று உள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்நேரமும் 100 விழுக்காட்டில் நிற்பதே பேட்டரிக்கு முதுமையைத் தரும். பல கம்பெனிகளின் பொறிகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்து என்னும் அமைப்பு உண்டு. மேசையிலேயே வைத்து வேலை செய்வோர் அதை இயக்கி விடுக. தொடுபலகை மேலெழும்பி நின்றாலோ, பொறியின் அடி தட்டையாக அமராவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அப்பொழுது சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

விடுதியில் மற்றொரு புதுமை காண்கிறேன். சுவர்ப் பெட்டியில் மூன்று துளை இல்லை என்று சார்ஜரின் மூன்றாம் முள்ளை ஒடித்து விடுகின்றனர் சிலர்! பிறகு வெறுங்காலோடு பொறியின் உலோக உடலைத் தொட்டால் கை குறுகுறுக்கிறது என்கின்றனர். சார்ஜரினுள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் உள. அவற்றின் வழியே மிக நுண்ணிய மின்னோட்டம் வெளிவரும். மூன்றாம் முள் இருந்தால் அது மண்ணுக்குச் செல்லும். இல்லையேல் நம் உடல் வழியே செல்லும். இக்குறுகுறுப்பு உயிர்க்கு ஊறு செய்வதன்று. ஆனால் அந்த முள் இருப்பது, சார்ஜர் பழுதுற்றுப் பெரிய மின்னோட்டம் கசியும் நாளுக்காக. சுவர்ப்பெட்டியை மாற்றச் சொல்லி விடுதிக் காப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள், முள்ளை ஒடிக்காதீர்கள்.

தேநீர் கொட்டினால்? உடனே மின்னிணைப்பைப் பிடுங்கி, பொறியை நிறுத்தி, விசைப்பலகை கீழ்நோக்கும்படி கவிழ்த்து வைத்துக் கடைக்கு எடுத்துச் செல்க. அரிசியில் புதைத்தால் அரிசிதான் வீணாகும்.

இனி, உள்ளிருப்பவற்றைக் காப்பது. இதில்தான் நம் மாணவர் பெரிதும் அசட்டையாக இருக்கின்றனர். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தாலும் அதன் தடம் காந்தத் தட்டில் தங்கியிருக்கும். வல்லார் மீட்டுத் தருவர். இன்றைய பொறிகளில் இருப்பதோ எஸ்.எஸ்.டி. அங்கே அழித்த கோப்பு இருந்த இடத்தைப் பொறியே பின்னணியில் துடைத்துப் புதிய எழுத்துக்கு ஆயத்தம் செய்துவிடும். எனவே குப்பைத்தொட்டியையும் காலி செய்தபின் "எப்படியாவது மீட்டுவிடலாம்" என்ற பழைய நம்பிக்கை செல்லாது. கூகிள் டிரைவில் தானே சேர்கிறதே என்பீர்கள். அது நிழல் போன்றது; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவே. மூன்று படிகள், அவை இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையார் கூறும் கணக்கு. நமக்கு அது எளிது: பொறியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. ஞாயிறு காலை தோசைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் வெளி டிஸ்க்கு தன் வேலையை முடித்துவிடும். முடிந்ததும் அதனைக் கழற்றி வைத்து விடுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் புகும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

அத்தகைய தீநிரல் ஒன்றின் வரலாறு கேளுங்கள். 2017 மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்பது உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் பலவற்றின் பணி தடுமாறிற்று. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரு திங்கள் இடைவெளி! 'அப்டேட்' கேட்கும்போதெல்லாம் "பிறகு நினைவூட்டு" என்று தள்ளிவிடும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கு இலவசத் திருத்தம் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பழம்பொறி விண்டோஸ் 11ஐ ஏற்காதாயின் லினக்ஸ் நிறுவிக்கொள்ளுங்கள். நம் மன்றத்தில் அது தெரிந்தவர் குறைந்தது நால்வர் இருப்பர்.

விலை கொடுத்து வைரஸ் தடுப்பான் வாங்குவது தேவையா? என் கருத்தில் தேவையில்லை. விண்டோஸோடு வருவதே மாணவர்க்குப் போதும். ஆனால் ஒரு கையால் தடுப்பானை வைத்துக்கொண்டு மறு கையால் 'கிராக்' செய்த மென்பொருளை இறக்குகிறோமே, அதற்கு என்ன செய்வது? அதனை நிறுவும் குறிப்பின் முதல் வரியே "தடுப்பானை நிறுத்துக" என்பதாக இருக்கும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வா என்று கள்வனே கடிதம் எழுதுவது போன்றது இது! கணக்கீட்டுக்குப் பைத்தானும் ஆக்டேவும், எழுத்துக்கு லிப்ரே ஆபீசும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடவுச்சொல்லுக்கு வருவோம். கணிப்பொறியில் கடவுச்சொல்லை முதன்முதல் புகுத்தியவற்றுள் ஒன்று, 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் இயங்கிய கூட்டுப் பயன்பாட்டுப் பொறி. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர்க்கு வாரத்திற்கு 4 மணி நேரமே தந்தனர். அது போதாமல், 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துப் பிறர் நேரத்தில் தம் வேலையை முடித்துக்கொண்டார். கடவுச்சொல் தோன்றிய சில காலத்திலேயே அதைத் திருடியவரும் தோன்றிவிட்டார். அவரும் நம்மைப் போன்ற மாணவரே!

எட்டுச் சிற்றெழுத்துகளால் ஆன சொற்கள் ஏறக்குறைய 20,900 கோடி. பெரிதாகத் தோன்றும், இன்றைய பொறிக்கு அது சிறு தொகை. மாறாக, 2,000 சொற்களின் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி நான்கு சொற்களை எடுத்துக் கோத்தால் 16 லட்சம் கோடி கோவைகள் வரும். முன்னதைப் போல் எழுபது மடங்குக்கும் மேல். ஐந்து சொல் எனில் அதைப்போல் இன்னும் 2,000 மடங்கு. முறம், ஒட்டகம், சன்னல், புளி என்று தொடர்பில்லாச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நினைவிலும் நிற்கும். குலுக்கி எடுப்பதுதான் முக்கியம். "தமிழ் அறியாதவன் எங்ஙனம் கண்டுபிடிப்பான்?" என்று முதற் குறளை வைத்துக்கொள்வது பயனில்லை, எல்லார்க்கும் தெரிந்த வரி கள்வன் பட்டியலிலும் இருக்கும். மின்னஞ்சலுக்கு வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள். பிற கணக்குகளின் சாவியெல்லாம் அம் மின்னஞ்சலுக்கே வருகின்றன அல்லவா? அதற்கு இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கி விடுங்கள்.

கல்லூரி வாயிலில் உள்ள ஜெராக்ஸ் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள பொறியில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஆதாரை அச்சிட்டுவிட்டு, மூடாமல் வந்துவிடுகின்றனர். உங்கள் செய்தி முழுதும் கடையில் திறந்து கிடக்கும். கைபேசியில் 'இணைத்த சாதனங்கள்' என்னும் பகுதியை இப்பொழுதே பாருங்கள். அறியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். ஆதாரில் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்புப் படியும் உண்டு. பல இடங்களுக்கு அதுவே போதும்.

இதுவரை சொன்னவை நம்மைக் காப்பன. எனக்குப் பெருங்கவலை தருவது ஊரிலிருக்கும் நம் பெற்றோரின் நிலை. மகன் தில்லியில் படிக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு நாள் அம்மாவுக்கு அழைப்பு வருகிறது. இந்தியும் ஆங்கிலமும் கலந்த அதட்டல் குரல்: "உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டிருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்." பின்னணியில் ஓர் இளைஞன் அழும் ஒலி. மொழி புரியாத அச்சம் பாதி, மகன் மேல் உள்ள பாசம் பாதி. சிந்திக்க நேரம் தருவதில்லை. இன்று ஒருவர் குரலின் சிறு பதிவு கிடைத்தால் அதே குரலில் பேசச் செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. எனவே குரலை வைத்து நம்புவதற்கில்லை. வீட்டாரோடு ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய மாட்டின் பெயரோ, சிறுவயதில் விழுந்த கிணற்றின் பெயரோ, இணையத்தில் எங்கும் எழுதாத ஏதோ ஒன்று. "அந்தச் சொல்லைச் சொல்" என்று அம்மா கேட்கட்டும். பிறகு அழைப்பைத் துண்டித்து, உங்கள் எண்ணுக்கோ, அறைத்தோழர் எண்ணுக்கோ அவரே அழைக்கட்டும். அறைத்தோழர் எண் வீட்டில் இருக்கிறதா? பலர் வீட்டில் இல்லை.

'டிஜிட்டல் கைது' என்று ஒன்றைச் சொல்லி, வீடியோவின் முன் மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பணம் பறிப்பதும் இதன் உடன்பிறப்பே. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் தலைமை அமைச்சரும் இதனை எடுத்துரைத்தார். எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்வதில்லை என்பதை அப்பாவிடம் தமிழில், பொறுமையாக, இருமுறை சொல்லுங்கள்.

பொங்கலுக்கு ஊர் செல்லும்போது அவர் கைபேசியில் வேறொன்றும் செய்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றும், வண்டி அபராதச் சீட்டு என்றும் வரும் கோப்புகளின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அவை அழைப்பிதழ் அல்ல, நிரல்கள். நிறுவினால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. செய்திகளைத் திருடன் படிப்பான். 'அறியாத இடத்திலிருந்து நிறுவுதல்' என்னும் அனுமதியை எல்லாச் செயலிகளுக்கும் அணைத்து வையுங்கள். யு.பி.ஐ. பின் எண் பணம் கொடுப்பதற்கே தேவை, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். வங்கிகளின் இணைய முகவரிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியுமாறு மாறவேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வேறுவிதமாக முடியும் 'வங்கி' முகவரியைக் கண்டால் ஐயுறுக.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிராமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் முறையிடலாம். பணம் திருடனின் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்துவதே இதன் நோக்கம்; ஆதலின் நிமிடங்கள் கணக்கு. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அப்பணம் தாவும் கணக்குகள் யாருடையவை தெரியுமா? பல வேளைகளில் மாணவர்களுடையவை. "உன் கணக்கில் ஒரு தொகை வரும், எடுத்துக் கொடுத்தால் 5,000 ரூபாய் உனக்கு" என்று விடுதியிலேயே கேட்பார்கள், கேட்பவர் மேல்வகுப்பு மாணவராகவும் இருக்கலாம், நம் மொழியில் பேசுபவராகவும் இருக்கலாம். கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் அதிலேயே சிக்கும், வேற்று மாநிலப் போலீசு தேடி வரும். ஏ.டி.எம். அட்டையையோ சிம்மையோ "நான்கு நாளைக்கு" என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் இருப்பின், காத்திராமல் நாளைக் காலையே வங்கிக்குச் சென்று கணக்கை நிறுத்தச் சொல்லட்டும். துணைக்கு ஆள் வேண்டுமாயின் மன்றச் செயலாளரிடம் சொன்னால் நம்மில் ஒருவர் உடன் செல்வோம்.