போர்டோக் கலவையும் அது பிறந்த திராட்சைத் தோட்டமும்

ஆவடி, பூந்தமல்லி பக்கங்களில் வீட்டுப் பந்தலில் திராட்சைக்கொடி ஏற்றியிருப்போரும், கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோரும் மழைக்காலத்தில் அஞ்சவேண்டிய வியாதி ஒன்றுண்டு. இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சள் திட்டுக்களும், கீழ்ப்புறத்தில் வெண்பூசணமும் தோன்றும், இலை கருகி உதிரும், பிஞ்சும் கெடும். இதுவே அடிச்சாம்பல் நோய். இதற்குரிய மருந்து பிறந்த வரலாறு குடியானவர் யாவரும் அறியத்தக்கது.

பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகருக்கு வடக்கே, மேடாக் பிரதேசத்துச் சேன் ஜூலியன் கிராமத்தில் டுக்ரு-போகாயு என்னும் தோட்டம் உள்ளது. போகாயு என்பதற்கு அழகிய கூழாங்கல் என்று பொருள். நீர் தேங்காது வடியும் அந்நிலத்தில் கேபர்னே சோவின்யோன், மெர்லோ என்னும் இரு வகைத் திராட்சைகள் பயிராகின்றன. முன்னது தாமதித்துப் பழுத்துத் துவர்ப்பும் உறுதியும் தரும். பின்னது முந்திப் பழுத்து மென்மை தரும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமாதலின், இரண்டின் சாற்றையும் தனித்தனியே புளிக்கவைத்துப் பின்னர்க் கலந்து செம்மது செய்கின்றனர். 1855-ஆம் வருஷத்துத் தரவரிசையில் இத்தோட்டம் இரண்டாம் தரம் பெற்றது. 1866-இல் ஜான்ஸ்டன் குடும்பத்தார் இதனை வாங்கினர். 1941 முதல் போரி குடும்பத்தார் நடத்திவருகின்றனர்.

1878-இல் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய அடிச்சாம்பல் நோய் அந்நாட்டுக் கொடிகளைப் பெரிதும் அழித்தது. 1882-இல் தாவரநூற் பேராசிரியர் மில்லார்டே இத்தோட்டத்தின் வழியே சென்றபோது, பாதையோரக் கொடிகள் மட்டும் இலையுதிராது நிற்கக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும்பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அப்பக்கத்து வழக்கமெனத் தோட்ட மேலாளர் எர்னஸ்ட் தாவித் கூறினார். பின்பு ஜான்ஸ்டனின் தோட்டங்களில் சோதனைகள் நடந்தன. 1885-இல் மில்லார்டே இம்முறையை உலகறியச் செய்தார்.

நூற்றுக்கு ஒரு பங்குக் கலவை செய்யும் முறையாவது: மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரில் கரைக்க. நீற்றாத நல்ல சுண்ணாம்புக்கல் 1 கிலோவை வேறொரு பாத்திரத்தில் நீற்றி, 50 லிட்டராக்கி வடிகட்டுக. இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் ஒருசேர ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. மண், மரம் அல்லது பிளாஸ்டிக் கலமே ஏற்றது. தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் கலவையில் அமிழ்த்தி எடுக்க. அதில் செம்புநிறம் படிந்தால் இலை கருகும். ஆதலால் மேலும் சுண்ணாம்புநீர் சேர்க்கவேண்டும். அன்றன்று செய்ததை அன்றே தெளித்துவிடுக.

இம்மருந்து நோய் வராது காக்குமேயன்றி, முற்றிய நோயைத் தீர்க்காது. எனவே மழைக்கு முன்பே இலையின் கீழ்ப்புறமும் நனையத் தெளித்தல் அவசியம். செம்பு மண்ணில் அழியாது தங்குமாதலால் அளவுக்கு மிஞ்சலாகாது. பழம் அறுக்குங்காலம் நெருங்கியபின் தெளிப்பதும் தகாது.

பன்னீர்த் திராட்சையை 1832-இல் நம் நாட்டுக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பர். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அக்கொடியைக் காக்கும் மருந்தும் அந்நாட்டினின்றே வந்தது. கிராம அலுவலர்கள் மழைக்கு முன் இதனை ஒரு பந்தலில் செய்து காட்டுவாராயின், ஊரார் பலரும் கண்டு பின்பற்றுவர்.