டேங்க் பிரஷரைப் பாருங்கள், அப்புறம் இன்ஜின்

கோச்சடைப் பக்கமிருந்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, கிரையோஜெனிக் வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்வது.

1. கிளம்புமுன் நம்மூர்ப் பெரியாஸ்பத்திரி ஆக்சிஜன் டேங்கை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் குழாயில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். இந்த வகை டேங்கில், அடியிலிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்து, சுருள் குழாயில் வெளிக்காற்றின் சூட்டிலேயே ஆவியாக்கி, மறுபடி மேலே விடுவார்கள். அந்த ஆவி அழுத்தித்தான் திரவம் வெளியே வரும். ராக்கெட் டேங்கின் பாதிப் பாடம் இதிலேயே முடிந்துவிடும்.

2. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும், ஹைட்ரஜன் மைனஸ் 253-ல். எப்போதும் கொதிக்கத் தயாராக நிற்கிற சரக்கு. மேலே அழுத்தம் குறைந்தால் பம்புக்குள் ஆவியாகிவிடும். பம்ப் சும்மா சுற்றும்.

3. 2021 ஆகஸ்ட் 12-ஐ மறக்காதீர்கள். ஜிஎஸ்எல்வி எஃப்10-ல் முதல் இரண்டு கட்டங்களும் ஒழுங்காக வேலை செய்தன; கிரையோ கட்டம் பற்றவில்லை. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் போனது. ஹைட்ரஜன் டேங்கின் வென்ட் வால்வு கசிந்து, அழுத்தம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. அதனால் டேங்குக்குள் இருக்கும் பூஸ்டர் பம்ப் தடுமாற, இன்ஜினுக்குப் போதிய ஹைட்ரஜன் போகவில்லை. வால்வின் மென்மையான சீல் சேதமானதே காரணமாகக் கருதப்பட்டது. இத்தனை பெரிய ராக்கெட்டுக்கு இத்தனூண்டு சீல்! அதன்பின் வால்வைப் பலப்படுத்தியதோடு, இன்ஜின் கிளம்புமுன் டேங்கில் போதிய அழுத்தம் இருப்பதை உறுதிசெய்யத் தனி ஏற்பாடும் செய்தார்கள். 2023 மே 29-ல் எஃப்12 வென்றது.

4. ஹைட்ரஜன் லைனை ஹீலியத்தால் மட்டும் துப்புரவாக்குங்கள். நைட்ரஜனை விட்டால், அது மைனஸ் 210-லேயே உறைந்து கல்லாகி வழியை அடைக்கும். ஹீலியம் விலை அதிகம்தான். அதற்காகக் கஞ்சத்தனம் வேண்டாம்.

5. விண்ணில் எரிபொருள் நிரப்பும் கனவு உள்ளவர்கள் தரையில் கற்ற ஒன்றை மறக்க வேண்டும்: அங்கே மேல், கீழ் கிடையாது. வென்ட்டைத் திறந்தால் ஆவிக்குப் பதில் திரவமே பீறிடலாம். சிறு உந்திகளை இயக்கித் திரவத்தை ஒரு பக்கம் ஒதுக்கியபிறகே வால்வில் கை வைக்கலாம். அப்போதும் திரவம் அலம்பினால், டேங்கில் இருக்கும் சூடான ஆவி குளிர்ந்து சுருங்கி, அழுத்தம் சட்டென்று விழும். 1978-லேயே புரோகிரஸ் கலம் சல்யூட் 6 நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியதே என்பீர்கள். அது சாதாரண வெப்பநிலையில் நிற்கும் எரிபொருள். வாயுவையும் திரவத்தையும் பிரிக்க நடுவில் வளையும் தடுப்பு வைக்க முடிந்தது. நம் கிரையோஜெனிக் திரவங்களின் குளிரில் அப்படிப்பட்ட ரப்பர் தடுப்பு கண்ணாடிபோல் நொறுங்கும்.

6. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டம் 2025 ஜனவரி 16-ல் விண்ணில் இரு கலங்களை இணைத்துக் காட்டிவிட்டது. அடுத்து திரவம் மாற்றும் சோதனைக்குத் திட்டம் போடச் சொன்னால் ஆக்சிஜனில் தொடங்குங்கள். ஹைட்ரஜன் அப்புறம்.